பழைய ஸ்டவ்வைச் சரி செய்வதா, புதிது வாங்குவதா? வேலூர் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

கேஸ் ஸ்டவ் சரியாக எரியவில்லை என்றால் வேலூரில் ஒரு குடும்பத்துக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. வீட்டிலேயே கழற்றிக் கழுவிப் பார்க்கலாம். பஜாரில் சின்னதாகக் கடை போட்டிருக்கும் ஸ்டவ் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகலாம். கேஸ் ஏஜென்சிக்குச் சொல்லி அவர்கள் ஆளை வரவழைக்கலாம். ஸ்டவ் கம்பெனி சர்வீஸுக்குப் போன் போடலாம். இத்தனை அலைச்சல் எதற்கு என்று புது ஸ்டவ்வே வாங்கிவிடலாம். அதிலும் ஸ்டீலா கண்ணாடியா என்று ஒரு கேள்வி வரும். "இண்டக்‌ஷன் வாங்கிட்டா கேஸ் மிச்சமாகுமே" என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல ஸ்டீல் உடம்பும் பித்தளை பர்னரும் உள்ள ஸ்டவ் என்றால், பத்து வருஷம் ஆகியிருந்தாலும் அதைச் சரி செய்வதுதான் பெரும்பாலும் சரியான முடிவு. புதிது வாங்க வேண்டிய நேரமும் உண்டு. அது எந்த நேரம் என்பதை ஸ்டவ்வின் வயது சொல்லாது, கெட்டுப்போன பாகம்தான் சொல்லும். அதனால் எந்த வழி என்று யோசிப்பதற்கு முன்னால் எந்தப் பாகம் என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு மெக்கானிக் தேவையில்லை, கண்ணும் மூக்கும் போதும்.

தீயைப் பார்த்தாலே பாதி தெரியும்

இரண்டு பர்னரிலும் ஒரே மாதிரி தீ குறைந்துவிட்டதா? அப்படியென்றால் கோளாறு ஸ்டவ்வில் இருக்க வாய்ப்பு குறைவு. சிலிண்டர் தீரும் கட்டமாக இருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம், டியூப் எங்காவது மடங்கிக் கிடக்கலாம். ரெகுலேட்டரும் சிலிண்டரும் ஏஜென்சி பொறுப்பு. இதற்குப் போய்ப் புது ஸ்டவ் வாங்கினால் புது ஸ்டவ்விலும் அதே மந்தமான தீதான் எரியும்.

ஒரு பர்னர் நன்றாக எரிந்து இன்னொன்று மட்டும் மந்தம் என்றால், அந்தப் பக்கத்து ஜெட்டிலோ (கேஸ் பாய்ந்து வரும் சின்னத் துளையுள்ள பித்தளைப் பாகம்) பர்னரிலோ அழுக்கு அடைத்திருக்கிறது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக, உயரமாக ஆடிக்கொண்டு எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், கேஸுக்குத் தேவையான காற்று கலக்கவில்லை என்று பொருள். பர்னருக்குக் கீழே இருக்கும் குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கலாம், பர்னர் துளைகள் அடைத்திருக்கலாம், அல்லது ஜெட் துளை பெரிதாகியிருக்கலாம். பற்ற வைக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்து, தீ பர்னருக்கு மேலே வராமல் உள்ளே குழாயில் எரிந்தால் உடனே திருகை மூடிவிட வேண்டும். பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது வளைந்து இடைவெளி விட்டிருக்கிறது.

நம்ம ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. பாலாற்றுக் கரையோரம் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன சங்கதி. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் தண்ணீரில் வைத்த உலை பொங்கி வழிந்தால் பர்னர் மேல் வெள்ளையாகப் படிவு உட்காரும், துளைகள் மெல்ல மூடும். பொங்கிய உடனே தீ ஆரஞ்சு நிறத்தில் எரிவதைப் பார்த்துவிட்டு ஸ்டவ் கெட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். உப்பில் இருக்கும் சோடியம் தீயில் பட்டால் அந்த நிறம்தான் வரும். பர்னரைக் கழுவி உலர்த்திப் போட்டுவிட்டு அப்புறம் தீர்மானியுங்கள்.

திருகு இறுகிப்போய்ச் சுற்ற முடியாமல் இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. சரி செய்யக்கூடியதுதான். கேஸ் வாடை வந்தால் மட்டும் மேலே சொன்ன எதற்கும் இடமில்லை. ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து, 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தங்கும். அதனால் கதவைக் கீழ்வரை திறந்து வைப்பதுதான் பயன்.

வீட்டிலேயே செய்வது: எதுவரைக்கும்

பர்னர், அதன் மூடி, மேலே வைக்கும் ஸ்டாண்டு, கீழே தட்டு, இவ்வளவும் வீட்டு வேலை. பித்தளை மூடியைச் சூடான தண்ணீரில் புளி கரைத்து ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே பளிச்சென்று ஆகிவிடும். அலுமினியக் கலவையில் செய்த பர்னர் என்றால் சோடா உப்பு, சலவை சோடா எதுவும் வேண்டாம், அந்த உலோகத்தை அது அரிக்கும். சோப்புத் தண்ணீர் போதும். கழுவிய பர்னரை ஈரத்தோடு மாட்டினால் தீ தாறுமாறாக எரியும். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தாலே போதும்.

பர்னர் மூடியில் இருக்கும் துளைகளை ஊக்கால் சுத்தம் செய்யலாம். ஜெட்டை மட்டும் ஊசியால் தொடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஜெட் என்பது பர்னர் குழாயின் வாயில், கேஸ் வெளியே பாயும் இடத்தில் இருக்கும் சின்னப் பித்தளை ஸ்குரு. அதன் நடுவில் இருக்கும் துளை ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. எவ்வளவு கேஸ் வர வேண்டும், அது எவ்வளவு வேகத்தில் பாய்ந்து காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்தத் துளையின் அளவில்தான் இருக்கிறது. பித்தளை மென்மையான உலோகம், தையல் ஊசி எஃகு. இரண்டு முறை குத்திச் சுழற்றினால் துளை விரியும். அடைப்பு நீங்கித் தீ பெரிதாகும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கப்புறம் தீ மஞ்சளாகும், குண்டானின் அடி கருக்கும், சிலிண்டர் முன்னைவிடச் சீக்கிரம் தீரும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

மெக்கானிக் ஒருவர் ஒரு ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஊசி வெச்சுக் குத்தினாங்களா? பாருங்க, ஓட்டை கோழிமுட்டை மாதிரி கோணிக்கீது" என்றார். வாங்கிப் பார்த்தேன். துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் வைத்த புது ஜெட்டின் துளை கச்சிதமான வட்டம். அந்த ஜெட்டை மாற்றியதோடு தீ நீலமாகிவிட்டது. ஜெட் விலை மிகவும் குறைவு. அடைத்திருந்தால் கழற்றி ஊதிப் பார்க்கலாம், ஒயரின் உள்ளே இருக்கும் ஒற்றைச் செம்பு இழையை மென்மையாக விட்டு எடுக்கலாம். அதற்கும் வழிக்கு வராவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

திருகையும் அதன் உள்ளே இருக்கும் வால்வையும் கழற்றுவது வீட்டு வேலை இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டால் திருகு இலகுவாகும் என்று சிலர் செய்வதுண்டு. அந்த எண்ணெய் சூட்டில் பிசினாகி முன்பைவிட இறுகும். கசிவைத் தடுக்கும் வேலையும் அதனால் ஆகாது.

யாரிடம் கொடுப்பது

பஜார் மெக்கானிக்கின் பலம் அனுபவம். லாங் பஜார் பக்கம் குக்கர், மிக்ஸி, ஸ்டவ் எல்லாம் பழுது பார்க்கும் சின்னக் கடைகளில் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், காத்திருந்து கையோடு வாங்கிக்கொண்டு வரலாம். எந்தக் கம்பெனி ஸ்டவ் என்றாலும் பார்ப்பார்கள். கூலி குறைவு. குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா போன்ற ஊர்களிலும் கடைத்தெருவில் கேட்டால் இப்படி ஒருவரைக் காட்டுவார்கள். பலவீனம் பாகங்களில். அவர் போடும் பர்னரும் வால்வும் எந்தத் தரம் என்று நமக்குத் தெரியாது. எதிரே நின்று பார்ப்பதுதான் ஒரே வழி, அதனால் கடையில் விட்டுவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள்.

எதிரே நின்றால் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். நல்ல மெக்கானிக் ஸ்டவ்வைச் சாக்கின் மேல் கவிழ்ப்பார். திருகை இழுத்து எடுத்து, உள்ளே இரண்டு ஸ்குருவைக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு தண்டு வெளியே வரும். அதற்குள்ளே கூம்பு வடிவில் ஒரு பித்தளைக் கட்டை இருக்கும். அதில்தான் கேஸ் போகும் துளை. பழைய கிரீஸ் தார் மாதிரி கருத்து ஒட்டிக்கொண்டிருக்கும். துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியில் தொட்டு, துளையில் படாமல் சுற்றிலும் மெல்லிசாகப் பூசுவார். அதிகம் பூசினால் துளையே அடைத்துக்கொள்ளும். முக்கியமாக, ஒரு பக்கத்து வேலையை முடித்து மாட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திறப்பார். ஒவ்வொரு கூம்பும் அதனதன் கூட்டோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியது. இடது பக்கத்ததை வலது பக்கத்தில் போட்டால் பார்வைக்குச் சரியாக உட்காரும், ஆனால் கசியும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றித் தட்டில் போடுகிற ஆளிடம் நான் கொடுக்க மாட்டேன். கடைசியில் கேஸை இணைத்து, சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

ஏஜென்சி ஆளை எதற்கு அழைக்கலாம் என்றால், சிலிண்டரிலிருந்து ஸ்டவ்வின் வாய் வரைக்கும் இருப்பவற்றுக்கு: ரெகுலேட்டர், சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம், ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப். அந்த டியூபுக்கு ஆயுள் ஐந்து வருஷம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ஐந்து வருஷத்தில் மாற்றிவிட வேண்டும். எலித் தொல்லை உள்ள வீடுகளில் அதற்கு முன்பே கடித்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சிலிண்டரை வெளி வராந்தாவில் வைத்துச் சுவரைத் துளைத்து டியூபை இழுத்திருக்கும் பழைய வீடுகளைக் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைத் தெருக்களில் பார்க்கலாம். சுவருக்குள் இருக்கும் டியூபில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஸ்டவ் உள் வேலைக்கு ஏஜென்சி ஆளை அழைப்பதில் பெரிய லாபம் இல்லை. வருபவர் கையில் உங்கள் ஸ்டவ்வுக்கான பாகம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கம்பெனி சர்வீஸ் வாரண்டி இருக்கும்வரை முதல் தேர்வு. வாரண்டி காலத்தில் வெளி ஆள் கை வைத்தால் அதையே காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள். வாரண்டி முடிந்த பிறகும் கண்ணாடி ஸ்டவ், மேடையில் பதிக்கும் ஹாப் போன்றவற்றுக்கு அவர்கள்தான் வழி. சாதாரண ஸ்டீல் ஸ்டவ்வுக்கு வந்து பார்க்கும் கட்டணமே ஒரு பர்னர் விலையைத் தொட்டுவிடும். வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி, சர்வீஸ் சென்டர் வேலூரிலேயே இருக்கிறதா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதுதான். விலையில் நூறு இருநூறு குறைவதைவிட இது முக்கியம்.

பாகம் வாங்க நீங்களே கடைக்குப் போனால் பழைய பர்னரைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் குழாயின் நீளமும் மூடியின் குறுக்களவும் ஸ்டவ்வுக்கு ஸ்டவ் மாறும். பித்தளை என்று சொல்லிக் கொடுப்பதில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை பூசிய இரும்பு.

சரி செய்வதை விட்டுவிட வேண்டிய இடம்

மூன்று நிலைகளில் பழைய ஸ்டவ்வைக் கைவிட்டுவிட வேண்டும். உள்ளே இரண்டு பக்கத்துக்கும் கேஸ் கொண்டுபோகும் இரும்புக் குழாய் துருப்பிடித்து உளுத்திருந்தால் அதில் ஒட்டு, வெல்டிங், எம்சீல் எதுவும் கூடாது. கிரீஸ் போட்டு மாட்டிய பிறகும் வால்வு கசிந்தால், அதற்கேற்ற புது வால்வு கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் ஸ்டவ்வை மாற்ற வேண்டும். உடம்பின் தகடு அரித்து பர்னர் ஆடுகிற நிலை வந்தாலும் அவ்வளவுதான்.

இன்னொன்று, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஸ்டவ். சந்தையில் மலிவாக வாங்கியது, பழைய இரும்புக் கடையில் எடுத்தது எல்லாம் இதில் சேரும். இதற்குச் செலவு செய்வதே வீண். ஐஎஸ் 4246 என்ற தர விதிப்படி வீட்டு கேஸ் ஸ்டவ் குறைந்தது 68 சதவீதம் வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும், கசிவுச் சோதனையிலும் தேற வேண்டும். முத்திரை இருந்தால் அந்தச் சோதனைகளைத் தாண்டி வந்த ஸ்டவ் என்று நம்பி வாங்கலாம்.

2006-க்கும் 2011-க்கும் இடையில் அரசு இலவசமாகக் கொடுத்த ஸ்டவ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் அணைக்கட்டு, பேரணாம்பட்டுக் கிராமங்களில் இருக்கின்றன. அதைப் பற்றி யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: குழாயும் வால்வும் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் பர்னர், ஜெட், டியூப் மூன்றையும் மாற்றி ஓட்டுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு புது ஸ்டவ் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே மேல். இரண்டு பர்னர் ஐஎஸ்ஐ ஸ்டீல் ஸ்டவ் இரண்டாயிரம் ரூபாய்ச் சுமாரில் கிடைக்கிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

புதிது என்றால்: ஸ்டீலா, கண்ணாடியா

இப்போது கடைக்குப் போனால் முதலில் காட்டுவது கண்ணாடி ஸ்டவ்தான். துடைக்க எளிது, அழகு, கிரானைட் மேடையோடு ஒட்டிப்போகிறது. காபி, தோசை, ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று சின்னப் பாத்திரத்தில் சமைக்கிற இரண்டு மூன்று பேர் குடும்பத்துக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் வட ஆற்காட்டுச் சமையலை வைத்துப் பார்த்தால் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் களி. கேழ்வரகுக் களி கிளறுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். நொய் வெந்து மாவு போட்டு அது இறுகும் கட்டத்தில், ஒருவர் பிடிதுணியால் குண்டானை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து உடம்பு வலுவோடு கிண்டுவார். குண்டான் இப்படியும் அப்படியும் உந்தும். ஸ்டீல் ஸ்டவ்வில் அந்த விசை தகட்டிலும் காலிலும் இறங்கும். அதிகபட்சம் ஸ்டவ் நகரும், கால் ரப்பர் தேயும். பல கண்ணாடி ஸ்டவ்களில் ஸ்டாண்டு நேராகக் கண்ணாடி மேலேயே உட்கார்ந்திருக்கிறது. குண்டானின் எடையும் துடுப்பின் உந்தலும் கண்ணாடிக்குத்தான். வாரம் மூன்று நாள் களி கிண்டுகிற வீட்டில் கண்ணாடி ஸ்டவ் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணாடிதான் வேண்டும் என்றால், களியை இறக்கித் தரையில் வைத்துக் கிண்டுகிற பழக்கத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அகலப் பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே ஆம்பூர் முறையில் பிரியாணி போடுகிறவர்கள் தேக்சாவை வைத்து, மூடி மேல் கங்கு போட்டு, சிறு தீயில் தம் வைப்பார்கள். தேக்சாவின் அடி ஸ்டவ்வையே மூடிக்கொள்ளும். மேலே போக வேண்டிய சூடு கீழே திரும்பிக் கண்ணாடியிலும் திருகுகளிலும் இறங்கும். ஸ்டீல் தகடு அதைத் தாங்கும். கண்ணாடியில், அதுவும் ஏற்கெனவே ஓரத்தில் சின்ன அடி பட்டிருந்தால், வெடிக்க வாய்ப்பு அதிகம். சூடான கண்ணாடி மேல் ஈரத் துணியைப் போட்டுத் துடைப்பதும் அதே மாதிரி ஆபத்து. ஆறவிட்டுத் துடையுங்கள். கையேட்டில் பாத்திர அளவுக்கும் எடைக்கும் வரம்பு போட்டிருக்கிறார்களா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

பழுது என்று வரும்போதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கத் தெரியும். ஸ்டவ்வில் போடுவது டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடுபடுத்திக் குளிர்வித்து வலுவேற்றியது. அதை வெட்டுவது, துளை போடுவது எல்லாம் சூடுபடுத்திக் குளிர்விப்பதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் ஓர் ஓட்டை போட முயன்றாலும் முழுக் கண்ணாடியும் பொடியாகக் கொட்டிவிடும். அதனால் உடைந்தால் உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வெட்டிப் போட முடியாது. அந்த மாடலுக்கான கண்ணாடி கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். மாடல் நின்றுபோயிருந்தால் பர்னரும் வால்வும் நன்றாக இருந்தும் ஸ்டவ்வைத் தூக்கிப்போட வேண்டியதுதான். விலை குறைவு என்று பெயர் தெரியாத கம்பெனிக் கண்ணாடி ஸ்டவ் வாங்குவதை இதனால்தான் வேண்டாம் என்கிறேன். பெரிய கம்பெனியாக இருந்தாலும் கண்ணாடிக்கு எத்தனை வருஷம் வாரண்டி, பர்னருக்கு எத்தனை வருஷம் என்று தனித்தனியாகக் கேட்டு பில்லிலோ கார்டிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தானாகப் பற்றிக்கொள்ளும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பொங்கி வழிகிற அடுப்பில் அதுதான் முதலில் போகும். லைட்டர் போதும்.

மேடையை வெட்டிப் பதிக்கும் ஹாப் பற்றிச் சுருக்கமாக. காட்பாடி, சத்துவாச்சாரியில் புதிதாகக் கட்டும் ஃபிளாட்களில் இதைப் போடுகிறார்கள். பார்க்க அருமை. தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் கருவி உள்ள மாடல்கள் பாதுகாப்பானவை, வயதானவர்கள் தனியாகச் சமைக்கும் வீட்டுக்கு அதற்காகவே வாங்கலாம். ஆனால் பழுது பார்க்கக் கையில் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போக முடியாது. பத்து வருஷம் கழித்து மாற்றும்போது கிரானைட்டில் வெட்டிய அளவுக்கு இன்னொன்று கிடைக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு நினைக்கவே வேண்டாம்.

இண்டக்‌ஷன் கணக்கு

ஒரு கிலோ எல்பிஜி முழுக்க எரிந்தால் வரும் வெப்பம் மின்சாரக் கணக்கில் பன்னிரண்டரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. 14.2 கிலோ சிலிண்டருக்கு ஏறக்குறைய 180 யூனிட். நல்ல ஸ்டவ்வில் அதில் 68 சதவீதம், அதாவது 122 யூனிட் அளவு, பாத்திரத்துக்குப் போகும். இண்டக்‌ஷனில் சுமார் 85 சதவீதம் போகும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 144 யூனிட் மின்சாரம் வேண்டும். உங்கள் கடைசி மின் கட்டண ரசீதில் மேல் அடுக்கின் விலை என்ன என்று பார்த்து 144-ஆல் பெருக்குங்கள். சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டால் பதில் கிடைத்துவிடும்.

பதில் வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி மொத்தத் தொகை குதிக்கும். ஏசி இல்லாத, 250 யூனிட்டுக்குள் முடிகிற வீட்டில் இண்டக்‌ஷன் லாபமாக வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் ஏசி இல்லாமல் தூங்க முடியாத வீட்டில், ஏற்கெனவே 450-ஐத் தொட்டிருக்கும் ரீடிங்கில் இதையும் சேர்த்தால் நஷ்டம்தான். 2000 வாட் இண்டக்‌ஷன் 230 வோல்ட்டில் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீட்டுச் சின்ன பிளக் பாயிண்டில் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

பாத்திரத்தையும் யோசிக்க வேண்டும். அலுமினியக் குண்டான், அலுமினிய இட்லிக் குண்டா, செம்பு, மண்சட்டி எதுவும் அதில் சூடாகாது. களி கிண்டும் பேச்சே இல்லை. அதனால் கேஸ் ஸ்டவ்வுக்குப் பதிலாக என்று வாங்காமல், பால் காய்ச்ச, வெந்நீர் வைக்க, சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை சமாளிக்க என்று பக்கத்துணையாக வாங்கினால் நல்ல பொருள். சிஎம்சி மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவர்களுக்கும் இது நல்ல வழி, அறை உரிமையாளர் ஒப்புக்கொண்டால். அவர் மறுத்தால் 5 கிலோ சிலிண்டரும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சின்ன ஸ்டவ்வும்தான். சிலிண்டர் தலையிலேயே பர்னர் மாட்டும் மலிவுச் சாமான்கள் விற்கிறார்கள், நோயாளி இருக்கிற அறையில் அவை வேண்டவே வேண்டாம்.

குழாய் கேஸ் வரப்போகிறது என்பவர்களுக்கு

நம் பக்கத்து மாவட்டங்களில் குழாய் வழி இயற்கை எரிவாயு கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருப்பதால், "அதுக்குத் தனி ஸ்டவ் வாங்கணுமாமே, அதுவரைக்கும் ஓட்டுவோம்" என்று பழுதான ஸ்டவ்வையே வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். தனி ஸ்டவ் அவசியமில்லை. குழாய் கேஸின் அழுத்தமும் தன்மையும் வேறு என்பதால் ஜெட்டை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இணைப்பு கொடுக்க வருகிறவர்களே அதைச் செய்வார்கள். ஜெட் கழற்றக்கூடிய சாதாரண ஸ்டீல் ஸ்டவ்வை இன்று சரி செய்தாலும், புதிதாக வாங்கினாலும், நாளைக்கு அது பயன்படும். எல்பிஜி ஜெட்டோடு குழாய் கேஸில் மாட்டினால் தீ சின்னதாக எரியும். குழாய் கேஸ் ஜெட்டோடு சிலிண்டரை மாட்டினால் தீ பெரிதாக, மஞ்சளாக எழும்பும், அது ஆபத்து. வீடு மாறும்போது இதை மறக்கக் கூடாது.

புதிது வாங்கப் போகிறவர்கள் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்னால், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பமாக இருந்தால் கொடுக்க வேண்டாம். வால்வு நன்றாக இருக்கிற ஸ்டவ் என்றால் சர்வீஸ் செய்து தேவைப்படுகிற ஒரு வீட்டுக்குக் கொடுக்கலாம். கசிகிற ஸ்டவ் என்றால் யாருக்கும் கொடுக்காமல், டியூப் மாட்டும் மூக்கை நசுக்கிவிட்டு பழைய இரும்புக்குப் போடுங்கள். கனமான பித்தளை பர்னர்களை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம், பஜாரில் அதற்கு எடைக்கு விலை உண்டு.